ஒரு மருந்து முத்திரையின் கதை

எங்கள் திண்டுக்கல்லுக்குப் புதிதாக வந்த ஒருவர், "மருந்துக்கடை எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், "எந்த மருந்து? உடம்புக்கா, பயிருக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து; கத்தரிச் செடிக்கு அடிப்பதும் மருந்து. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் அனுப்பும் விவசாயி காலையில் "மருந்து அடிக்கப் போகிறேன்" என்று கிளம்புகிறார். இரவில் அவருடைய தாயார், "மருந்து சாப்பிட்டேனா, இல்லையா?" என்று யோசிக்கிறார். "மருந்தைக் குடித்துவிட்டான்" என்று யாராவது ஓடிவந்து சொன்னால் நம் நெஞ்சு திடுக்கிடுவதும் அதே சொல்லால்தான்.

சொல் ஒன்றாக இருப்பது மொழியின் வழக்கு. அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால், இந்த இரண்டு வகைக் கடைகளிலும் ஒரே முத்திரையை நீங்கள் காணலாம். ஒரு வட்டம், அதற்குள் ஐந்து ஆங்கில எழுத்துகள் இடமிருந்து வலமாக, அதே ஐந்து எழுத்துகள் மேலிருந்து கீழாக, நடு எழுத்து இரண்டுக்கும் பொது. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தின் முத்திரை அது. ('பையர்' என்பதே ஜெர்மானியர் உச்சரிப்பு. நம் கடைக்காரர்கள் 'பேயர்' என்கிறார்கள். பேய்க்கும் இதற்கும் தொடர்பில்லை!) நீரிழிவு மாத்திரைப் பெட்டியிலும் அது உண்டு, பூச்சிமருந்து டப்பாவிலும் உண்டு. இது திட்டமிட்டுச் செய்யப்பட்டது. ஆகவே இதைப் பற்றிக் கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

முத்திரைகளை விமர்சிப்பது ஓவியர்களின் வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். அழகைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முன்வரவில்லை. ஆனால் முத்திரை என்பது கண்ணால் பார்க்கப்படும் பொருள். அதற்குத் தொலைவு உண்டு, கோணம் உண்டு, ஒளி உண்டு. மருந்தின் மேல் உள்ள முத்திரைக்கு இன்னொன்றும் உண்டு: அதைப் பார்த்து ஒருவர் மாத்திரையை வாயில் போடுகிறார். இந்த அளவுகோல்களை வைத்துக்கொண்டு இந்த முத்திரையின் வளர்ச்சியைப் பார்ப்போம்.

சிங்கத்தில் தொடங்கிய வரலாறு

பேயர் நிறுவனம் 1863-ல் பார்மன் என்ற ஊரில் தொடங்கப்பட்டது. மருந்துக்காக அல்ல, சாயத்துக்காக. நிலக்கரித் தாரிலிருந்து துணிக்குச் சாயம் எடுக்கும் தொழில் அப்போது ஐரோப்பாவில் புதிது. பின்னர் நிறுவனம் அடுத்த ஊரான எல்பர்ஃபெல்டுக்குப் போயிற்று. அந்த ஊரின் சின்னத்தில் ஒரு சிங்கமும், புனித லாரன்ஸ் வாட்டிக் கொல்லப்பட்ட இரும்புக் கிராதியும் உண்டு. நிறுவனம் அதையே தன் முத்திரையாக எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் சிங்கத்துக்கு இறக்கை முளைத்தது. கையில் மெர்க்குரி தேவனின் தண்டம் வந்தது. காலடியில் உலக உருண்டை வந்தது.

இந்தத் தண்டத்தைப் பற்றி ஒரு சிறு செய்தி. மருத்துவத்துக்கு உரிய கிரேக்கத் தண்டம் அஸ்கிலிபியஸ் என்ற தேவனுடையது, அதில் ஒரே ஒரு பாம்பு, இறக்கை கிடையாது. இரண்டு பாம்புகளும் இறக்கையும் உள்ள தண்டம் மெர்க்குரியுடையது. அவன் வணிகத்தின் தேவன். 1902-ல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு இரட்டைப் பாம்புத் தண்டத்தைச் சின்னமாக ஏற்றது. அதிலிருந்து அந்தக் குழப்பம் உலகெங்கும் பரவியது. நம் ஊர் மருத்துவமனைப் பலகைகளிலும் கார்க் கண்ணாடிகளிலும் பாம்புகளை எண்ணிப் பாருங்கள். 1948-ல் சின்னம் வகுத்த உலகச் சுகாதார நிறுவனம் ஒரு பாம்போடு நின்றுகொண்டது, அது சரி. பேயரின் சிங்கம் வணிகனின் தண்டத்தை ஏந்தி நின்றதில் ஒருவகை நேர்மை இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது!

ஆயினும் முத்திரை என்ற அளவில் அந்தச் சிங்கம் தோல்விதான். பிடரிமயிர், இறகு, பாம்பு, உருண்டை என்று அத்தனை நுணுக்கங்களையும் ஒரு சிறு குப்பியின் சீட்டில் அச்சிட்டால் கண்ணுக்குக் கரிய திட்டுத்தான் தெரியும். அதோடு ஐரோப்பாவில் சிங்கம் போட்ட முத்திரைகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஒன்பது எழுத்துகள்

1897-ல் இந்நிறுவனத்தின் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தைத் தூய நிலையில் தயாரித்தார். 1899-ல் அது 'ஆஸ்பிரின்' என்ற பெயரில் பதிவாயிற்று. முதலில் பொடியாக விற்றது, பிறகு மாத்திரையாயிற்று. வெள்ளைப் பொடிக்கு முகம் ஏது? யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கலக்கலாம். மாத்திரை வந்ததும் ஒரு வசதி கிடைத்தது: மருந்தின் மேலேயே முத்திரை குத்தலாம்.

குத்துவதற்குச் சிங்கம் உதவாது. இந்த நேரத்தில்தான் எழுத்துகளால் ஆன குறுக்குச் சின்னம் பிறந்தது. எல்பர்ஃபெல்டில் பணியாற்றிய ஹான்ஸ் ஷ்னைடர் என்பவர் ஒரு பேச்சினிடையே தாளில் கிறுக்கிக் காட்டியது என்று ஒரு கதை. நிறுவனத்தின் நீண்ட ஜெர்மன் பெயர் அமெரிக்க மருத்துவர்களின் நினைவில் நிற்காததால் நியூயார்க் கிளையில் தோன்றியது என்று இன்னொரு கதை. எதுவாயினும் 1904-ல் அது வணிக முத்திரையாகப் பதிவு பெற்றது. 1910 முதல் ஆஸ்பிரின் மாத்திரை மேல் குத்தப்பட்டது.

இதை ஒரு காகிதத்தில் வரைந்து பாருங்கள். ஐந்தும் ஐந்தும் பத்து. நடு எழுத்து பொதுவாதலால் ஒன்பது. முதல் எழுத்தான 'பி'யும் நான்காவதான 'இ'யும் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒத்தவை. 'ஏ'யும் 'ஒய்'யும் இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்தவை. கடைசி எழுத்தான 'ஆர்' மட்டும் எதிலும் சேராது. தனித்தனியே இப்படி வேறுபட்ட எழுத்துகள், சேர்ந்து நிற்கும்போது நான்கு பக்கமும் ஒத்த உருவத்தைத் தருகின்றன. மாத்திரை உள்ளங்கையில் எந்தப் பக்கமாகத் திரும்பி விழுந்தாலும், படிக்கத் தெரியாதவருக்கும், 'வட்டத்துக்குள் கூட்டல் குறி' தெரியும். படிக்கத் தெரிந்தவருக்குப் பெயரும் தெரியும். 1929-ல் எழுத்துகளின் வடிவத்தைச் செம்மைப்படுத்தியதோடு சரி; அமைப்பு மாறவில்லை. இந்த இடத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கண்ணின் கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு பாகையில் 60 கோண நிமிடங்கள். நல்ல கண் ஓர் எழுத்தைப் படிக்க வேண்டுமானால் அந்த எழுத்தின் உயரம் கண்ணில் 5 கோண நிமிடமாவது அடைக்க வேண்டும். கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் அட்டை இந்தக் கணக்கில்தான் தயாராகிறது. 12 மி.மீ. விட்டமுள்ள மாத்திரையில் எழுத்தின் உயரம் எட்டில் ஒரு பங்கு, அதாவது 1.5 மி.மீ. என்று கொள்வோம். 30 செ.மீ. தொலைவில் அது ஏறத்தாழ 17 கோண நிமிடம். தாராளமாகப் படிக்கலாம். கணக்குப்படி ஒரு மீட்டர் தொலைவு வரைகூடப் படிக்கலாம்.

ஆனால் கணக்கில் ஒரு சங்கடம் இருக்கிறது. மாத்திரையில் மை இல்லை. வெள்ளை மேல் வெள்ளை. பள்ளத்தில் விழும் நிழல்தான் நமக்கு எழுத்து. தலைக்கு மேலே குழல்விளக்கு எரிந்தால் ஒளி எல்லாப் பக்கமும் பரவி நிழலை அழித்துவிடும். ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு, அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கை நேர் மேலே பிடித்துப் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் எழுந்து நிற்கும். வீட்டில் மாத்திரையை அடையாளம் பார்க்க வேண்டியிருந்தால் இந்த முறை உதவும்.

இதே முத்திரையை 1933-ல் லெவர்குசன் நகரில் இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவே 72 மீட்டர் விட்டத்தில் விளக்குகளால் அமைத்துத் தொங்கவிட்டார்கள். போர் வந்ததும் அது அணைந்தது. 1958-ல் 51 மீட்டர் விட்டத்தில் புதிதாக ஒன்று எழுந்தது. இதை நம் திண்டுக்கல் மலைக்கோட்டை உச்சியில் மாட்டியதாகக் கற்பனை செய்யுங்கள். ஏறத்தாழ 11 கி.மீ. தள்ளிச் சின்னாளபட்டியில் நின்று பார்த்தால் 16 கோண நிமிடம். முழுநிலவின் விட்டத்தில் பாதி! எழுத்துகளைப் படிக்க மட்டும் நாலரைக் கி.மீ. வரை நெருங்கி வரவேண்டும். அதற்கு அப்பால் வெறும் வட்டமும் குறுக்குமே தெரியும். மாத்திரையிலும் வானத்திலும் ஒரே உருவம் வேலை செய்கிறது. வடிவமைப்பில் இது பெரிய சாதனை.

நான் தயங்குவது வேறிடத்தில். மாத்திரை மேல் உள்ள குறி, "இது இன்ன பொருள்" என்று நோயாளிக்குச் சொல்கிறது. வானத்தில் எரியும் குறி அப்படி எதையும் சொல்வதில்லை. "நான் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்கிறது.

முத்திரை யாருடையது?

முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு பேயரின் அமெரிக்கச் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. 1918 டிசம்பரில் அவை ஏலத்துக்கு வந்தன. ஸ்டெர்லிங் என்ற அமெரிக்க நிறுவனம் சுமார் 53 லட்சம் டாலருக்கு எடுத்தது. தொழிற்சாலையோடு பெயரும் குறுக்குச் சின்னமும் போயின. அதன்பின் எழுபத்தைந்து ஆண்டுகள் அமெரிக்காவில் இந்தச் சின்னத்தோடு விற்ற ஆஸ்பிரினுக்கு ஜெர்மன் நிறுவனம் உரிமையாளர் அல்ல. 1994-ல்தான், ஸ்டெர்லிங்கின் வட அமெரிக்க மருந்து வாணிகத்தோடு சேர்த்து, 100 கோடி டாலர் கொடுத்துத் தன் பெயரையே அது திரும்ப வாங்கியது.

ஆகவே, முத்திரை ஒன்றாக இருந்தால் தயாரிப்பவரும் ஒருவர்தான் என்ற நம் எண்ணம் பிழையானது. முத்திரையை விற்கலாம், வாங்கலாம், ஏலம் விடலாம். அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தின் மூலக்கூறு எந்த ஏலத்திலும் மாறவில்லை.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. 1925-ல் பேயர் மற்ற ஜெர்மன் வேதியியல் நிறுவனங்களோடு இணைந்து ஐ.ஜி. ஃபார்பன் என்ற பெரும் அமைப்பாயிற்று. அந்த அமைப்பின் மருந்துகளெல்லாம் பேயர் முத்திரையோடுதான் வெளிவந்தன. அதே ஐ.ஜி. ஃபார்பன், ஆஷ்விட்ஸ் சிறைமுகாமை அடுத்து மோனோவிட்ஸில் கைதிகளை வேலை வாங்கித் தொழிற்சாலை எழுப்பியது. போருக்குப் பின் அதன் இயக்குநர்கள் பலர் நியூரம்பர்க்கில் தண்டிக்கப்பட்டனர். ஏழாண்டுத் தண்டனை பெற்ற ஃபிரிட்ஸ் டெர் மேர் என்பவர் 1956-ல் மீண்டெழுந்த பேயரின் மேற்பார்வைக் குழுவுக்குத் தலைவரானார். அமைப்பைக் கலைத்தார்கள், ஐ.ஜி. ஃபார்பன் என்ற பெயர் அழிந்தது. குறுக்குச் சின்னம் ஒரு கோடுகூட மாறாமல் தொடர்ந்தது. குற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே முகம். முத்திரைக்கு நினைவு கிடையாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

நிறம் வந்தது

2002-ல் முத்திரைக்கு வண்ணம் பூசினார்கள்: வட்டம் பச்சையும் நீலமுமாயிற்று. அதே ஆண்டில் நிறுவனம் அவெண்டிஸ் என்ற நிறுவனத்தின் பயிர் மருந்துப் பிரிவை வாங்கி அந்தத் துறையில் பெருத்தது. 2018-ல் மான்சான்டோவை வாங்கி அந்தப் பெயரைக் கைவிட்டது. விதையும் களைக்கொல்லியும் இதே வட்டத்துக்குள் வந்து சேர்ந்தன.

நிறத்தைப் பற்றி இயற்பியல்காரனின் குறை ஒன்று உண்டு. எங்கள் ஆய்வகத்தின் இருட்டறையில் சோடியம் விளக்கு இருக்கிறது. அதன் ஒளி ஏறத்தாழ ஒரே அலைநீளம், 589 நானோமீட்டர். அந்த ஒளியில் உலகத்தில் மஞ்சளும் கருமையும் தவிர நிறமே இல்லை. மாணவர்களிடம் பல மருந்துப் பெட்டிகளைக் கொடுத்து அந்த விளக்கின் கீழ் பார்க்கச் சொல்வேன். கறுப்பு வெள்ளையில் அழுத்தமாக வரைந்த முத்திரைகள் அப்படியே நிற்கும். நிறத்தை நம்பி வரைந்தவை மங்கிய திட்டுகளாகும். வீட்டில் யாரும் சோடியம் விளக்கின் கீழ் மாத்திரை சாப்பிடுவதில்லை என்பீர்கள். உண்மை. ஆனால் வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளடிக்கிறது. மஞ்சள் வில்லை நீல ஒளியை விழுங்கும். முதியவருக்கு நீலமும் பச்சையும் நெருங்கி வந்துவிடும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் சாப்பிடுகிறவர்களோ பெரும்பாலும் முதியவர்கள்.

பயிர் மருந்துக் கடைப் பக்கம் வந்தால் குறை இன்னும் கூர்மையாகிறது. நம் நாட்டின் 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி ஒவ்வொரு டப்பாவிலும் சாய்சதுரக் குறி ஒன்று இருக்க வேண்டும். அதன் கீழ்ப்பாதியின் நிறமே நஞ்சின் அளவு. சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியாகப் பச்சை. இந்தக் குறி சீட்டின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. எழுத்தறியாதவருக்காகவே செய்த நல்ல ஏற்பாடு. இந்தச் சீட்டில் நிறம் என்பது அலங்காரம் அல்ல. அது ஒரு மொழி. அந்த மொழியில் நீலமும் பச்சையும் 'நஞ்சு குறைவு' என்று பொருள்படும். அதே சீட்டில் மஞ்சள் முக்கோணத்துக்குப் பக்கத்தில், உரிமையாளரின் முத்திரை நீலமும் பச்சையுமாக வட்டமிட்டு நிற்கிறது.

இதனால் இன்ன தோட்டத்தில் இன்ன விபத்து நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. நிறுவனமும் அந்த எண்ணத்தில் செய்திருக்காது; வானும் பயிரும் உயிரும் என்று ஏதோ இனிய நினைப்பில் செய்திருக்கலாம். நான் சொல்வது இவ்வளவுதான்: நிறத்துக்குச் சட்டம் ஏற்கெனவே ஒரு பொருள் கொடுத்திருக்கும் இடத்தில், அலங்காரத்துக்காக அதே நிறத்தைப் பயன்படுத்துவது பிழை. 1929-ஆம் ஆண்டின் கருப்பு முத்திரை இந்தப் பிழையைச் செய்யவில்லை. தலைவலி மாத்திரைக்கென்று செதுக்கிய குறியை நஞ்சு டப்பாவிலும் ஒட்டுவது அதைவிடப் பெரிய பிழை. சாப்பிட வேண்டியதற்கும் தெளிக்க வேண்டியதற்கும் வெவ்வேறு முகம் வேண்டாமா? நம் மொழி செய்யத் தவறிய வேறுபாட்டை முத்திரையாவது செய்திருக்கலாம்.

அம்மாவின் மாத்திரைகள்

இதெல்லாம் ஓர் ஆசிரியரின் அதிகப்படியான கவலை என்று தோன்றினால், என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

என் தாயார் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுபவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அட்டையின் நிறத்தையும் அதில் உள்ள முத்திரையையும் வைத்தே அடையாளம் காண்பார். ஓராண்டு, அழுத்த மாத்திரை தயாரிக்கும் நிறுவனம் (பெயர் வேண்டாம், மேலே சொன்ன நிறுவனம் அல்ல) தன் முத்திரையைப் புதுப்பித்தது, அட்டையும் புது நிறத்தில் வந்தது. இரண்டு நாள் கழித்து அம்மா தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். விசாரித்தால், "இது வேற மாத்திரைப்பா. பழசுல சிவப்பா ஒரு பூ இருக்கும். டாக்டர் புதுசா எழுதியிருக்காருன்னு அதுல ஒண்ணு, இதுல ஒண்ணு போட்டுக்கிட்டேன்" என்கிறார். பழைய அட்டையில் மீதி ஐந்தாறு மாத்திரைகள் இருந்தன. ஒரே மருந்து, இரண்டு முகம், இரட்டை அளவு. நல்லவேளையாகப் பெரிய கேடு ஒன்றும் நேரவில்லை.

அந்தச் சின்னத்தை மாற்றியவர்கள் எத்தனையோ பேரைக் கலந்து பேசியிருப்பார்கள். அம்மாவைப் போன்ற ஒருவரை அழைத்து, இரண்டு அட்டைகளையும் மேசை மேல் வைத்து, "இவை ஒன்றா, வேறா?" என்று கேட்டிருந்தால் போதும்.

நம் நாட்டுச் சட்டம் இந்தத் திசையில் சில அடிகள் வைத்திருக்கிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் அட்டையில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக, 1 மி.மீ.க்குக் குறையாத சிவப்புக் கோடு இருக்க வேண்டும். அந்தக் கோட்டைப் பற்றி 2016-ல் நடுவண் அரசு பிரசாரமும் செய்தது. உங்கள் வீட்டு அட்டைகளில் தேடிப் பாருங்கள். 30 செ.மீ. தொலைவில் 1 மி.மீ. என்பது 11 கோண நிமிடத்துக்கு மேல், கண்ணுக்குப் போதும். ஆனால் சிவப்பு அட்டையில் சிவப்புக் கோடு போட்டால் எந்தக் கணக்கும் உதவாது. 2018-ல் வந்த திருத்தம் இன்னும் நல்லது: மருந்தின் வேதிப் பெயர், வணிகப் பெயரைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்றது. முத்திரையைவிட மூலக்கூறு முக்கியம் என்பதைச் சட்டம் எழுத்தின் அளவிலேயே சொல்லிவிட்டது. பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரைகளுக்கு இதில் விலக்கு உண்டு. 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்துப் பெயர்களுக்குக் கைபேசியால் படிக்கும் கட்டக்குறியும் கட்டாயமாயிற்று. கைபேசியைப் பிடித்துப் படிக்கத் தெரிந்தவருக்கு அது நல்லதுதான்.

வேதிப் பெயரைத் தமிழிலும் அச்சிட்ட அட்டை எங்கள் வீட்டுக்கு இதுவரை வந்ததில்லை.

தலைசுற்றல் சம்பவத்துக்குப் பின் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். அட்டையின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் காலை மாத்திரைக்கு ஒரு சூரியன், இரவு மாத்திரைக்கு ஒரு பிறை. வெள்ளீயத் தாளில் மை சரியாகப் பிடிக்காது. அழுத்தினால் மாத்திரை வெளியே வந்துவிடும். அதனால் சிறு துண்டு பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் வரைகிறேன். இப்போது புதிய மாதத்து மருந்து வந்ததும், பையைப் பிரிப்பதற்கு முன்பே அம்மா பேனாவையும் பிளாஸ்திரியையும் எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார்.